தோட்டப்புறச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், சுருக்கித் தருகிறேன்: "எங்கள் ஊரில் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளிலும் கடை மாடிகளிலும் இப்போது பங்களாதேஷ், நேப்பாள், இந்தோனேசியா ஆட்கள்தான் அதிகம். ரொஹிங்கியா குடும்பங்கள் சில வந்திருக்கின்றன, இலங்கைத் தமிழர் ஒரு குடும்பமும் உண்டு. கோயில் இளைஞர் அணி சார்பில் ஏதாவது செய்யலாம் என்று பேசினால் ஊரில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது? சட்டச் சிக்கல் வருமா?"

நான் தொழிற்சங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பாரம், லேபர் ஆபீஸ் புகார் என்று யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அதில் பாதி இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். வழக்கறிஞர் ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்று, தம்பி. அரிசி மூட்டை, பேனர், படம் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அரிசி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், படம் மட்டும் ஊர் முழுக்கச் சுற்றும், வேண்டாம் என்று சொன்ன பாதிப் பேருக்கு அதுவே வாய்க்கு அவல். கோலாலம்பூரில் இந்த வேலைக்கென்றே அமைப்புகள் இருக்கின்றன, மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். நம்ம ஊரில் யார் இருக்கிறார்கள்? மளிகைக்கடைக்காரர், வீட்டை வாடகைக்கு விடுபவர், கிளினிக்கில் மிஸி (தாதி), செம்பனைக் குலை வெட்ட ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர், வேலையை மேய்க்கும் மண்டோர், பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ஒரு சார்ஜன். இந்த ஆறு ஏழு பேர் நேர்மையாக நடந்துகொண்டால் வந்தவன் இரண்டு வருடத்தில் ஊரோடு ஒட்டிவிடுவான். இவர்களில் இரண்டு பேர் கோணலாக நடந்தால் நீங்கள் எத்தனை நிகழ்ச்சி நடத்தினாலும் வீண். சின்ன ஊரில் இது பலவீனமாகவும் இருக்கலாம், பலமாகவும் இருக்கலாம். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் நீங்கள் நேரில் போய்ப் பேச முடியும். பெரிய நகரத்தில் அது நடக்காது.

அடுத்தது, வந்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே வகை இல்லை. பெர்மிட்டோடு வேலைக்கு வந்தவன் ஒரு வகை. பெர்மிட்டோடு வந்து, முதலாளி புதுப்பிக்காமல் விட்டதாலோ ஏஜெண்ட் ஏமாற்றியதாலோ காலாவதியானவன் இன்னொரு வகை. உயிருக்குப் பயந்து ஓடிவந்து, ஐநா அகதிகள் ஆணையம் கொடுக்கும் யூஎன் கார்டு வைத்திருப்பவர் மூன்றாவது வகை. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று ஒரு பிரிவே கிடையாது. நாட்டில் 180,000 பேருக்கு மேல் ஐநா அகதிகள் ஆணையத்தில் பதிந்திருக்கிறார்கள், பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அதிலும் பாதிக்கு மேல் ரொஹிங்கியா. ஆனால் அந்தக் கார்டு வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. சாலைச் சோதனையில் போலீஸ் அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம், அவ்வளவுதான். அதை நம்பி "ஒன்றும் ஆகாது" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சட்டச் சிக்கல் வருமா என்ற கேள்விக்கு நேரான பதில்: என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. பெர்மிட் போன்ற பத்திரம் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், சிறையும் உண்டு. வீட்டில் தங்கவிட்டால் வீட்டுக்காரருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. ஆகவே இளைஞர் அணி சார்பில் வீடு பிடித்துக் கொடுப்பது, வேலை பிடித்துக் கொடுப்பது இரண்டிலும் கை வைக்காதீர்கள். மொழி சொல்லிக் கொடுப்பது, பாரம் நிரப்புவது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, பிறப்புப் பதிவுக்கு வழி சொல்வது, லேபர் ஆபீசில் புகார் எழுதிக் கொடுப்பது இவற்றுக்கெல்லாம் பயப்பட ஒன்றுமில்லை. முதல் நாளே "பாஸ்போர்ட் எங்கே, கார்டு எங்கே" என்று கேட்காதீர்கள். இமிகிரேசன் ஆள் என்று நினைத்து மறுநாள் காணாமல் போவார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன், அது சம்பளம். வெளிநாட்டுத் தொழிலாளி ஊரில் நிம்மதியாக இருக்கிறானா, குடித்துவிட்டுச் சண்டை போடுகிறானா, இராத்திரியோடு இராத்திரியாக ஓடிப்போகிறானா என்பதெல்லாம் பெரும்பாலும் அவன் சம்பளச் சீட்டில் எழுதியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கைந்து பேரை உட்காரவைத்து அந்தச் சீட்டை வாசித்துக் காட்டுங்கள், வேறு எந்த வகுப்பும் இதற்கு ஈடாகாது. ஒரு குலை வெட்டுகிற பங்களாதேஷ் பையனின் சீட்டை எடுத்துக்கொள்வோம், வியர்வையில் நான்காக மடிந்து மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருக்கும். மேலே எத்தனை டன், உதிரிப் பழம் எத்தனை மூட்டை. கீழே பிடித்தம். பெர்கெசோ, அதாவது சொக்சோ, என்று ஒரு சின்னத் தொகை, அது சரி, 2024 ஜூலையிலிருந்து வெளிநாட்டவரிடமும் அரை விழுக்காடு பிடிக்கிறார்கள். ஈபிஎஃப் (சேமநிதி) 2 விழுக்காடு, அதுவும் சரி, 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வந்தது, முதலாளியும் அதே அளவு போட வேண்டும். முன்பணம் வாங்கியிருந்தால் அது. அப்புறம் லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைப்பதற்கு அரசாங்கத்துக்குக் கட்டும் கட்டணம், என்று ஒரு பிடித்தம் இருந்தால் அங்கேயே விரலை வையுங்கள். 2018-லிருந்து லெவியை முதலாளிதான் கட்ட வேண்டும், தோட்டத் துறைக்குத் தீபகற்பத்தில் அது வருடத்துக்கு 640 வெள்ளி, தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. அதற்கும் கீழே பொத்தோங்கான் லாயின்-லாயின், அதாவது மற்ற பிடித்தம் என்று ஒரு தொகை விளக்கமே இல்லாமல் நிற்கும். பூட்சா, அரிவாளா, மின்சாரமா, காண்ட்ராக்டர் மச்சான் வீட்டு விருந்தா என்று யாருக்கும் தெரியாது. கேட்கச் சொல்லுங்கள். மரியாதையாக, எழுத்தில், தேதி போட்டு.

கூடவே நான்கு விஷயம் அவர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, 2025 ஆகஸ்டு 1 முதல் ஒரே ஒரு ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கும் பொருந்தும், டன் கணக்குக் கூலி என்றாலும் மாதம் முழுக்க வேலைக்கு நின்றவனுக்கு அதற்குக் கீழே இறங்கக் கூடாது. சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கைக்கு வர வேண்டும். பிடித்தம் எல்லாம் சேர்ந்தும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்" என்பார்கள். பத்திரமாக இருக்க வேண்டுமானால் சாவி அவனிடம் இருக்கிற ஒரு பெட்டி போதும்.

பெரிய கம்பெனித் தோட்டங்களில் இப்போது இந்த விஷயத்தில் ஓரளவு பயம் வந்திருக்கிறது. 2020-ல் கட்டாய உழைப்புப் புகாரில் இரண்டு பெரிய மலேசிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெய்யை அமெரிக்கா எல்லையில் நிறுத்தியதுதான் காரணம், மனசாட்சி என்று நான் நினைக்கவில்லை. தொல்லை அதிகம் இருப்பது காண்ட்ராக்டர் கையிலும், ஐம்பது அறுபது ஏக்கர் சின்னத் தோட்டங்களிலும்தான். அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள். காண்ட்ராக்டர் பெரும்பாலும் நம்ம ஆளாகவே இருப்பார், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவராகவும் இருப்பார். தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, புகார் போனால் லேபர் ஆபீஸ் பழைய கணக்கையெல்லாம் தோண்டும், நீங்களே சரிசெய்துவிடுங்கள்" என்று சொல்வது பல நேரம் வேலை செய்யும். செய்யாவிட்டால் புகார். லேபர் ஆபீசில் புகார் கொடுக்கக் காசு வேண்டாம், வக்கீலும் வேண்டாம், வெளிநாட்டவரும் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் "அவன்கிட்ட இருக்காதே, ஓடிப்போ" என்று யோசனை சொல்லிவிடாதீர்கள். பெர்மிட் அந்த முதலாளி பெயரில்தான் இருக்கிறது, ஓடிய மறுநாளே முதலாளி இமிகிரேசனில் சொல்லிவிட்டால் அதுவரை நியாயம் பக்கத்தில் இருந்தவன் பத்திரமில்லாதவனாகிவிடுவான். அடி, பூட்டிவைத்தல், மாதக்கணக்கில் சம்பளமே இல்லை என்கிற அளவுக்குப் போனால் அது வேறு, 2007-ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது, போலீசும் தொழிலாளர் துறையும் அதில் நடவடிக்கை எடுக்கலாம்.

விபத்து. மட்டை தலையில் விழும், குலை காலில் விழும், மேலே பார்த்து வெட்டும்போது கண்ணில் தூசியும் சிம்பும் விழும், பாம்பு வேறு. 2019 ஜனவரியிலிருந்து பெர்மிட் உள்ள வெளிநாட்டவரும் சொக்சோவில் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளுக்குக் குறையாத எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) இருந்தால் தினக் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். நடப்பது என்ன? மண்டோர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து கிளினிக்கில் மருந்து வாங்கிக் கொடுத்து, "வீட்டில் படு" என்று விட்டுவிடுவார். எம்சி இல்லை, சம்பவம் எழுதவில்லை, ஆறு மாதம் கழித்து விரல் மடங்காமல் வந்து நிற்பான். ஆகவே கிளினிக்கில் மருத்துவரிடம் "கெர்ஜாவில் (வேலையில்) நடந்தது" என்று சொல்லவும், எம்சி சீட்டைப் படம் பிடித்துவைக்கவும், கூட வேலை செய்தவர் பெயரை எழுதிவைக்கவும் பழக்குங்கள். யூஎன் கார்டுக்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அகதிக் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆண்கள் எப்படியோ சந்தை மலாய் பேசிவிடுவார்கள். பெண்கள் வாரக்கணக்கில் கதவுக்கு வெளியே வராமல் இருப்பார்கள், கர்ப்பமாக இருந்தாலும் கிளினிக்குப் போகமாட்டார்கள். நமக்கு அரசு கிளினிக்கில் 1 வெள்ளி. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. யூஎன் கார்டு இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி, ஆனால் அந்தப் பாதியே பிரசவத்துக்கு அவர்களால் தாங்க முடியாத தொகை. கார்டும் இல்லையென்றால் இன்னொரு பயம்: பத்திரமில்லாதவர் வந்தால் தெரிவிக்க வேண்டும் என்று 2001-ல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. அதனால் வலி எடுக்கும்வரை ஒளிந்திருப்பார்கள். உங்கள் அணியில் இருக்கும் தம்பிகளை இதற்கு அனுப்பாதீர்கள். ஊரில் நான்கு பிள்ளை பெற்ற ஓர் அக்கா, கொஞ்சம் வாயாடியாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் போய்ப் பேசட்டும், முதல் முறை கிளினிக் வரை கூடப் போகட்டும், கிளினிக் மிஸியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கட்டும். பிறந்த பிள்ளையைத் தாமதமில்லாமல் பதிவிலாகாவில் பதியச் சொல்லுங்கள். குடியுரிமை கிடைக்காது, ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை என்ன பாடுபடும் என்று நம்ம சனத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தடுப்பூசியும் அப்படித்தான். 27 வருடம் இல்லாதிருந்த போலியோ 2019 டிசம்பரில் சபாவில் திரும்ப வந்தது. வேண்டாம் என்று சொல்லும் பாதிப் பேரிடம் கருணை பற்றிப் பேசுவதைவிட இதைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போடாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைக்கும்தான் ஆபத்து.

பள்ளிக்கூடம். அகதிப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடையாது, தமிழ்ப்பள்ளியும் அரசுப் பள்ளிதான். பிள்ளை இல்லாமல் காற்று வாங்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி எத்தனையோ இருக்க, பக்கத்து லயத்தில் படிக்க இடமில்லாத பிள்ளை எத்தனையோ இருக்க, இரண்டையும் சேர்க்கச் சட்டத்தில் வழியில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான். தலைமையாசிரியரிடம் போய் "சும்மா பின்வரிசையில் உட்காரவிடுங்கள்" என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டாதீர்கள். ஒரு கடை மாடியிலோ பொதுமண்டபத்திலோ வாரம் மூன்று மாலை மலாய், கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கலாம். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் போதும். கோயில் மண்டபத்தில் வைக்காதீர்கள், ரொஹிங்கியா தாய்மார்கள் அனுப்பத் தயங்குவார்கள், மதம் மாற்றுகிறார்கள் என்று எவனாவது கிளப்பிவிட்டால் பாலாய் வரை போகும். ஊர் சூராவ் (சிறு தொழுகை இடம்) ஆட்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அங்கே உங்களைவிட நம்பிக்கை அதிகம். இலங்கைக் குடும்பம் விஷயத்தில் இந்தத் தயக்கம் இருக்காது. அவர்களைக் கோயிலுக்குக் கூப்பிடுங்கள், ஆனால் மேடையில் ஏற்றிப் போர்க்கதை சொல்லச் சொல்லாதீர்கள்.

நேப்பாளப் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களாகவே அம்மன் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். நம்ம நவராத்திரி நேரத்தில்தான் அவர்களுக்கு தசைன் பண்டிகை. பந்தல் போட ஆளில்லை, தேர் தள்ள ஆளில்லை என்று புலம்புகிற கோயில் நிர்வாகம் அவர்களை ஓரமாக நிற்கவைத்து அன்னதானத் தட்டை மட்டும் நீட்டுகிறது. நவராத்திரியில் ஒரு நாள் உபயத்தை அவர்கள் பெயரில் எழுதுங்கள், காசு அவர்களே போடுவார்கள். சாப்பாடு வாங்குகிறவனை ஊர் ஒரு மாதிரி பார்க்கும், உபயகாரனை வேறு மாதிரி பார்க்கும்.

இப்போது வேண்டாம் என்கிறவர்களைப் பற்றி. அவர்களைக் கெட்டவர்கள் என்று ஒதுக்காதீர்கள். "இவனுங்க வந்துதான் நம்ம கூலி ஏறவில்லை" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதும், ரப்பர் போய் செம்பனை வந்தபோதும் வெளியே வந்தது நம்ம குடும்பங்கள். அந்த இடத்துக்குக் குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் கூலியைக் குறைத்தது வந்தவன் இல்லை. அவனுக்கும் 1,700 கொடுக்க வேண்டும் என்று காண்ட்ராக்டரை நெருக்கினால் அவனை மலிவாக வைத்து நம்ம பையனை ஒதுக்கும் வேலை நின்றுபோகும். பெரியவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள், தலையாட்டுவார். அவருக்கே 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நினைவிருக்கும், குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்த நம்ம ஆட்கள் இங்கேயே ரப்பர் வெட்டிக்கொண்டு வேலை பெர்மிட்டுக்கு அலைந்தது, பலர் கப்பலேறியது எல்லாம். அப்போது மஇகா (இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த உங்கள் ஊர் துன் சம்பந்தன் 1960-ல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்ததும் காலடி நிலம் போகும் பயத்தில்தான். வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமைக்காகப் போராடிய ஐரின் பெர்னாண்டஸ் சுங்கைப் பட்டாணியில் பிறந்து தோட்டத்துச் சூழலில் வளர்ந்தவர். தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் படும் பாட்டை 1995-ல் வெளியில் சொன்னதற்காக வழக்கு, 2003-ல் ஓராண்டுச் சிறைத் தீர்ப்பு, 2008-ல்தான் விடுதலை. நம்ம தோட்டப்புறத்திலிருந்து அப்படி ஒருவர் வந்திருக்கிறார் என்பது உங்கள் அணிப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

குப்பை, சத்தம், ஒரு வீட்டில் பதினைந்து பேர் என்ற புகார்களும் பொய் இல்லை. குப்பை லாரி எந்த நாள் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், சொல்லிப் பாருங்கள். பதினைந்து பேர் ஒரு வீட்டில் என்றால் அது வீட்டுக்காரர், காண்ட்ராக்டர் விஷயம். தொழிலாளர் தங்குமிடத்துக்கு 446-ஆம் சட்டப்படி (தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம்) தொழிலாளர் துறைச் சான்றிதழ் வேண்டும், அது இருக்கிறதா என்று அந்த இருவரிடமும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கதைகளுக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ரொஹிங்கியா பற்றிப் பரவிய வெறுப்பைத் தகவல் சொல்லித் தணிக்க முடிந்ததாக நான் பார்க்கவில்லை. ஆளைத் தெரிந்தவன்தான் அந்தக் கதையை நம்பாமல் விட்டான்.

செய்யக் கூடாதவை இன்னும் சில. கடன் கொடுக்காதீர்கள். யாருடைய பத்திரத்தையும் வாங்கி வைக்காதீர்கள், நகல் மட்டும். பிள்ளைகள் படத்தை முகநூலில் போடாதீர்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போக வழி பண்ணுகிறோம் என்று எவரையும் பேசவிடாதீர்கள், மூன்றாம் நாட்டுக்குப் போகிறவர்கள் மிகக் கொஞ்சம், அதை முடிவு செய்வது அந்தந்த நாடு. யூஎன் கார்டு வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவன் மோசடிக்காரன், ஆணையத்தின் எந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை. பதிவு அலுவலகம் கோலாலம்பூரில்தான், நம்ம பக்கமிருந்து போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும், வழியில் சோதனைப் பயம் வேறு. இந்தத் தூரம்தான் தரகர்களின் முதலீடு. போகும் நாளில் உங்களில் ஒருவர் காரெடுத்துக்கொண்டு போகலாமா என்று நினைப்பீர்கள். கார்டோ ஆணையம் கொடுத்த சந்திப்புக் கடிதமோ இருந்தால் போங்கள், ஒன்றுமே இல்லையென்றால் முதலில் ஏதாவது அகதி உதவி அமைப்போடு போனில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

செலவு என்று பார்த்தால் பெட்ரோல், நகல் எடுக்கும் காசு, ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான் ஆகும். ஆள்தான் வேண்டும். வாரத்துக்கு ஒரு சாயங்காலம் தவறாமல் வரக்கூடிய மூன்று பேர் கிடைத்தால் இந்த ஞாயிறே சம்பளச் சீட்டில் ஆரம்பித்துவிடலாம். பெயரையும் ஐசி எண்ணையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு முதல் சீட்டை எனக்கு அனுப்பிவையுங்கள், எந்தப் பிடித்தம் சரி, எது கேட்க வேண்டியது என்று குறித்துத் தருகிறேன்.